டிரெய்லரின் முடவன் முழுக்கு

அந்தக் காலத்தில் யார் வீட்டு வண்டிக்கு மை தீர்ந்துபோயிருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். குத்தாலத்துக்குத் தெற்கே எங்கள் கிராமம். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே சக்கரம் கிறீச்சென்று கத்தும். திண்ணையில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கும் பெரியவர் தலையை நிமிர்த்தாமலே, "ஏம்ப்பா, பண்ணையில ஒரு ஆழாக்கு விளக்கெண்ணெய்க்கா பஞ்சம்?" என்பார். வண்டி கத்துவது அச்சைப் பற்றிய விஷயமாக இருக்காது, குடும்ப மானத்தைப் பற்றியதாகிவிடும். அன்றைக்குச் சாயங்காலமே கடையாணியைக் கழற்றி மை போட்டுவிடுவார்கள்.

இன்றைக்கு அந்த வண்டிக்குப் பதிலாக வந்த டிரெய்லர் கத்துவதில்லை. கத்தினாலும் யார் காதிலும் விழப்போவதில்லை. முன்னால் டிராக்டர் எஞ்சின் போடும் சத்தம், அதற்கு மேல் மட்கார்டில் கட்டிய இரண்டு ஸ்பீக்கர். பின்னால் பேரிங் என்னதான் முனகினாலும் இளையராஜாவைத் தாண்டி டிரைவரிடம் வந்து சேராது. பேரிங்குக்கு வைக்கும் கிரீஸில் எம்பி3 என்று ஒரு ரகம் உண்டு. டிரைவரைக் கூப்பிட்டு "எம்பி3 இருக்காப்பா?" என்று கேட்டால் சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் காட்டுகிறான்.

வண்டி மை கடையில் வாங்கும் பொருளாக எங்கள் வீட்டில் இருந்ததில்லை. களத்து மூலையில் வைக்கோலைக் கொளுத்தி, முழுக்கச் சாம்பலாவதற்குள் அமுக்கி அணைத்துக் கரியாக்குவார் வண்டிக்காரத் தாத்தா. அந்தக் கரியை இடித்து, பழந்துணியில் சலித்து, விளக்கெண்ணெய் விட்டுக் குழைப்பார். பதம் அவர் கைக்குத்தான் தெரியும். ரொம்ப இளகினால் சித்திரை வெயிலில் ஒழுகிப்போகும், ரொம்ப இறுகினால் மார்கழிப் பனியில் சக்கரம் சுற்றாது. குழைத்த மையை ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிடுவார். கூடவே தடவுவதற்கு ஒரு குச்சி.

போடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அச்சுக்கு அடியில் முட்டுக் கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்குவது, கடையாணியை உருவுவது, சக்கரத்தைக் கொஞ்ச தூரம் வெளியே இழுத்து இரும்பு அச்சில் மையைச் சுற்றிவரத் தடவுவது, திரும்பத் தள்ளி ஆணியைச் செருகுவது. மாடு இரண்டு வாய் வைக்கோல் மென்று முடிப்பதற்குள் ஒரு சக்கரம் ஆகிவிடும். இந்த வேலை வாரம் தவறாமல் வரும், கரும்பு வெட்டுக் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள்கூட வரும். போகிற வழியில் வண்டி நின்றால் தாத்தா முதலில் மாட்டைப் பார்ப்பார், அடுத்து சக்கரத்தின் குடத்தைத் தொட்டுப் பார்ப்பார். மீதி மையில் ஒரு பொட்டு கன்றுக்குட்டியின் நெற்றிக்கும் போகும். வேட்டியில் பட்டால் அதோடு வேட்டியின் ஆயுள் முடிந்தது.

அதே விளக்கெண்ணெய்தான் எங்களுக்கும். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை அதிகாலையில் அம்மா எங்களை வரிசையாக உட்காரவைத்து ஊற்றுவாள். வண்டிக்குப் பூசினால் போதும், நாங்கள் விழுங்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம். முதல் உலகப் போரில் பறந்த விமானங்களில் சிலவற்றின் சுழல் எஞ்சினும் விளக்கெண்ணெயில்தான் ஓடியது என்று பின்னால் படித்தபோது எனக்கு அந்த விமானிகள்மேல் பெரிய அனுதாபம் வந்தது. புகையோடு வந்த எண்ணெயை மூச்சில் இழுத்துக்கொண்டே பறந்தவர்கள் அவர்கள்.

இதனால் அது பொற்காலம் என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிட வேண்டாம். மாட்டின் கழுத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நுகத்தடி உராய்ந்து காய்த்துப்போன அந்தத் திமில் ஓரத்துக்கு யாரும் மை தடவவில்லை. சக்கரம் கத்தியதைக் கேட்ட எங்கள் வீட்டுக் காதுகளில் வண்டிக்காரத் தாத்தாவின் இருமல் ஏறியதும் இல்லை. அவருக்குக் கூலி நெல்லாகத்தான் அளந்தார்கள், அதுவும் எப்போதும் தலைதட்டிய மரக்கால்தான்.

ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பழைய வண்டிக்காரர்களுக்கு அச்சைப் பற்றிய பயம் இருந்தது. புறநானூற்றில் ஔவையார் பாடிய உப்பு வணிகர்கள் வண்டிக்கு அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டுதான் கிளம்பினார்கள். வழியில் மேடு வருமோ பள்ளம் வருமோ, யார் கண்டது என்ற எச்சரிக்கை. மாயவரம் ஜங்ஷனில் மீட்டர்கேஜ் ரயில் நிற்கும்போது ஒருவர் நீளக் கைப்பிடி போட்ட சுத்தியலோடு இறங்கிச் சக்கரம் சக்கரமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு, அச்சுப் பெட்டியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நடப்பார். இப்போது ரயில்வே சில இடங்களில் தண்டவாளத்து ஓரத்திலேயே கருவி வைத்து ஓடுகிற வண்டியின் அச்சுச் சூட்டை அளந்துவிடுகிறது. திருவாரூர் ஆழித்தேருக்கே திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறார்கள். தேரும் ரயிலும் அச்சை மறக்கவில்லை. நடுவில் இருக்கும் நம் டிரெய்லர்தான் மறந்துவிட்டது.

மாயவரம் என்ற பெயர் போய் மயிலாடுதுறை என்று அரசாங்கம் எழுத ஆரம்பித்தது 1982-ல். ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்கு, பாங்க் கடனில், டிராக்டரும் டிரெய்லரும் வந்தன. மாட்டு வண்டியிலேயே டயர் போட்டது அதற்கு முன்பே ஊரில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மூட்டையை மலைபோல் ஏற்றிக்கொண்டு ஓடும் டிரெய்லர் புதுசு. கொண்டுவந்து விட்டவர் ஹப்பைத் தட்டிக் காட்டி, "உள்ள பேரிங் இருக்கு சார். இனிமே மை போடுற வேலையே கிடையாது" என்றார். அப்பா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஊரும் அப்படியே எடுத்துக்கொண்டது. மூங்கில் குழாய் கொஞ்ச நாள் மாட்டுக் கொட்டகை உத்திரத்தில் தொங்கியது, அப்புறம் அடுப்புக்குப் போனது.

அவர் சொன்னதில் பாதி உண்மை. வாரா வாரம் போட வேண்டியதில்லை, வருஷத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். ஆனால் இந்த 'வருஷத்துக்கு ஒருமுறை' என்கிற ஏற்பாடு இருக்கிறதே, அது மனிதனுக்கு ஒத்துவராத ஏற்பாடு. தினமும் செய்கிற வேலை தானாக நடந்துவிடும். வாரம் ஒருமுறை செய்கிற வேலை முணுமுணுப்போடு நடக்கும். வருஷம் ஒருமுறை செய்கிற வேலை நடக்கவே நடக்காது, ஐயர் வந்து நாள் குறித்துக் கொடுத்தால் ஒழிய.

பேரிங் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. டிரெய்லர் ஹப்பில் இருக்கும் சரிவு உருளை பேரிங்கைக் கார் கம்பெனிக்காரர் எவரும் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் குதிரை வண்டி செய்து விற்றுக்கொண்டிருந்த ஹென்றி டிம்கன்தான் 1898-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பாரம் ஏற்றிய வண்டி திரும்பும்போது எடை சக்கரத்தை மேலிருந்து அமுக்குவதோடு பக்கவாட்டிலும் தள்ளும். சாதாரண பேரிங் இந்தத் தள்ளலைத் தாங்காது. உருளைகளை ஒருபக்கம் சிறுத்தும் ஒருபக்கம் பருத்தும் சாய்வாக நிறுத்தினால் இரண்டையும் தாங்கும். ஆக, தெருமுனை திரும்பும்போது எங்கள் வண்டி எதற்காகக் கத்தியதோ, அதே சங்கடத்துக்குக் கடல் தாண்டி இருந்த ஒரு வண்டிக்காரர் கண்ட மருந்துதான் இது. நாம் மாட்டு வண்டியை ஒழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு குதிரை வண்டியின் அச்சில் சவாரி செய்துகொண்டிருக்கிறோம்.

டிம்கன் காவிரிக் கரையைப் பார்த்தவரில்லை. பார்த்திருந்தால் இன்னொன்றையும் யோசித்திருப்பார். எங்கள் பக்கத்து டிரெய்லர்களுக்குத் தினசரி ஸ்நானம் உண்டு. நாள் முழுக்க நெல்லோ மண்ணோ அடித்துவிட்டுச் சாயங்காலம் வரும் டிரைவர், வண்டியை நேராக வாய்க்கால் படித்துறைச் சரிவில் இறக்கிவிடுவார். சக்கரம் பாதி மூழ்கும்வரை உள்ளே விட்டு, வாளியால் மொண்டு ஊற்றி, அப்படியே தானும் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கும். ஹப்புக்குள் நடப்பது வேறு. ஓடிவந்த ஹப் சூடாக இருக்கிறது, உள்ளே இருக்கும் காற்று விரிந்திருக்கிறது. திடீரென்று தண்ணீரில் இறக்கினால் அந்தக் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப ஆயில் சீலின் உதட்டைத் தாண்டித் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். தண்ணீர் தனியாகவும் வராது, வண்டலோடு வரும். ஊருக்கெல்லாம் நெல் விளைத்துக் கொடுத்த அந்த நைஸான வண்டல், பேரிங்குக்கு உப்புத்தாள். மேல்நாட்டில் படகைத் தண்ணீரில் இறக்கும் டிரெய்லர்களுக்கு வரும் வியாதி இது. படகே ஏற்றாத நம் டிரெய்லருக்கும் அதே வியாதி வந்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில், மயிலாடுதுறையில், முடவன் முழுக்கு என்று ஒரு நாள் உண்டு. ஐப்பசி மாதம் முழுக்க அங்கே காவிரித் துலாக்கட்டத்தில் முழுகுவது புண்ணியம், கடைசி நாள் கடைமுகம். நடக்க முடியாத ஒருவர் தட்டுத் தடுமாறி வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட, அவருக்காகக் கார்த்திகை முதல் தேதிக்கும் அந்தப் புண்ணியத்தை ஈசன் நீட்டித்துக் கொடுத்தார் என்பது கதை. முடவன் முழுகிக் கரையேறினான். டிரெய்லர் கதை தலைகீழ். நன்றாக ஓடி வருகிறது, முழுகுகிறது, முடவனாகிறது.

என் சித்தப்பா மகனின் டிரெய்லர் இப்படித்தான் முடமானது. தம்பி நல்ல விவசாயி, கணக்கு வழக்கில் கெட்டி, அச்சு விஷயத்தில் மட்டும் ஆண்டவன்மேல் பாரம். மூன்று டன் என்று வாங்கிய இரண்டு சக்கர டிரெய்லரில் நாற்பது கிலோ சிப்பமாக நூற்றுக்கு மேல் அடுக்கி, கொள்முதல் நிலையத்துக்கு அனுப்பினான். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது மயிலாடுதுறைக்காரனுக்குத்தான் முதலில் உறைத்திருக்க வேண்டும். போகிற வழியில், தன் வண்டிச் சக்கரமே தன்னை முந்திக்கொண்டு போவதை டிரைவர் பார்த்திருக்கிறார். அது ரோட்டைத் தாண்டி, ஒரு தென்னங்கன்றை முறித்துக்கொண்டு வயலில் போய்ப் படுத்தது. நல்லவேளை, எதிரில் யாரும் வரவில்லை. டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது, சிப்பங்கள் சரிந்தன. வேறு வண்டி பிடித்து வருவதற்குள் மழையும் வந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அச்சில் எண்ணெய்ப் பசையே இல்லை, நெல்லில் ஈரப்பதம் தாண்டிவிட்டது. எது எங்கே இருக்க வேண்டுமோ அது அங்கே இல்லை.

மறுநாள் மெக்கானிக் பாய் பட்டறையில் மற்ற சக்கரத்தைக் கழற்றியபோது நானும் நின்றேன். ஹப் மூடியைத் தட்டி எடுத்ததும் உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்து நுரைத்துப்போன ஏதோ ஒரு குழம்பு இருந்தது. தண்ணீர் கலந்தால் கிரீஸ் அப்படித்தான் நிறம் மாறும். பாய் வெளிப் பேரிங்கை டீசலில் அலசி வெளிச்சத்தில் காட்டினார். "இங்க பாருங்கண்ணே" என்று கப் எனும் வெளிவளையத்தின் உட்பக்கத்தில் விரல் நகத்தை ஓட்டினார். நகம் தடுக்கித் தடுக்கிப் போயிற்று. உருளைகள் நின்ற இடைவெளிக்கு ஏற்றபடி, அளவெடுத்தாற்போல், வளையம் முழுக்க துருக்கோடுகள். அறுவடை முடிந்து மாதக்கணக்கில் டிரெய்லர் கொட்டகையில் நின்றபோது, ஒவ்வொரு உருளைக்கு அடியிலும் தண்ணீர் உட்கார்ந்து அரித்த கோடுகள். "ஓடினதால தேயலண்ணே, சும்மா நின்னதால தேஞ்சிருக்கு" என்றார் பாய். விவசாயத்தில் வேலை பார்க்காமலே தேய்கிறவர்களை எனக்குத் தெரியும், பேரிங்கும் அந்த ஜாதி என்று அன்றுதான் தெரிந்தது.

அவர் புது பேரிங் போட்டதைப் பார்த்துக்கொண்டிருந்ததே ஒரு சுகம். இடது உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கிரீஸ். வலது கையில் பேரிங், பருத்த பக்கம் கீழே. உள்ளங்கை ஓரத்தில் அதை அழுத்தி அழுத்திக் கிரீஸை அள்ளினார். இடியாப்ப அச்சில் மாவு பிதுங்குவதுபோல் உருளைகளுக்கு நடுவே மேற்பக்கம் கிரீஸ் பிதுங்கி வந்த பிறகுதான் அடுத்த இடத்துக்குத் திருப்பினார். சுற்றிலும் அப்படி. வெளியே மட்டும் பூசிவிட்டால் உருளைகளுக்கு நடுவே வெற்றுக் காற்றுதான் இருக்கும். ஹப்பின் உட்குழியை அவர் நிரப்பவில்லை, பாதிக்கும் கீழேதான் வைத்தார். தம்பி, "தாராளமா வைங்க பாய்" என்றான். பாய் சிரித்தார். திணித்து வைத்தால் கிரீஸ் உள்ளேயே கடையப்பட்டுச் சூடேறி, சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். நட்டைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கினார், பிறகு கொஞ்சம் தளர்த்தினார், டயரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், புது காட்டர் பின்னை மாட்டி மடக்கினார். கடையாணியும் காட்டர் பின்னும் ஒரே உத்தியோகம், காட்டர் பின்னுக்கு உடம்பு மட்டும் ஒல்லி.

இறுக்கி வைத்தால் பலம் என்று நினைக்கிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம். உருளைக்கு இம்மியளவு ஆட்டம் இருக்க வேண்டும், சூடேறினால் அதுவும் பருக்குமில்லையா? அதேபோல் கடையில் எது கிடைக்கிறதோ அந்தக் கிரீஸைப் பழையதன் மேலேயே அப்புகிறவர்களும் உண்டு. களிமண் சேர்த்துக் கெட்டியாக்கிய கிரீஸும் லித்தியம் கிரீஸும் சேர்ந்தால் இரண்டும் இளகி ஒழுகிவிடும். பழையதை டீசலில் சுத்தமாகக் கழுவி, துடைத்து, காயவைத்துவிட்டுத்தான் புதியது.

இனி அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் இல்லை. பெரும்பாலும் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு சோப்பு. முன்பு சுண்ணாம்புச் சோப்பில் செய்த கிரீஸ் தண்ணீரைத் தாங்கியது, சூட்டைத் தாங்கவில்லை. சோடியம் சோப்பில் செய்தது சூட்டைத் தாங்கியது, தண்ணீரில் கரைந்தது. 1942-ல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஏர்ல் என்பவர் லித்தியம் சோப்பில் கிரீஸ் செய்து காப்புரிமை பெற்றார், அது இரண்டையும் தாங்கியது. அந்த லித்தியம் சோப்புக்கு மிகவும் தோதான கொழுப்பு அமிலம் எதிலிருந்து கிடைக்கிறது என்று தேடியவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம் ஆமணக்கு. விளக்கெண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி, அதிலிருந்து பிரிக்கும் 12-ஹைட்ராக்ஸி ஸ்டியரிக் அமிலம்தான் இன்று லித்தியம் கிரீஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. உலகத்திலேயே ஆமணக்கு அதிகம் விளைவது இந்தியாவில், அதிலும் குஜராத்தில். வண்டிக்காரத் தாத்தா ஆழாக்கில் வாங்கிக் குழைத்ததைத்தான், தொழிற்சாலை சுற்றி வந்து பளபள டப்பாவில் நாம் திரும்ப வாங்குகிறோம். வைக்கோல் கரி மட்டும் இல்லை. கறுப்பாக வேண்டுமென்றால் மாலிப்டினம் கலந்த ரகமும் உண்டு.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். "நம்ம டிரெய்லருக்கு வருஷா வருஷம் பூஜை போடுறோமே அண்ணே" என்றான். உண்மைதான். ஆயுத பூஜைக்கு டிராக்டர் பானட்டில் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, டிரெய்லருக்கு மாலை, சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு எலுமிச்சம்பழம். அந்தப் பழத்தை வைக்கும் இடத்திலிருந்து ஹப் மூடி ஒரு சாண்கூட இல்லை. அதைத் திறக்கிறவர் மட்டும் யாரும் இல்லை. டிரைவரைக் கேட்டால் அது ஓனர் வேலை என்கிறார், ஓனரைக் கேட்டால் மெக்கானிக் வேலை என்கிறார், மெக்கானிக் பாய், வண்டி பட்டறைக்கு வந்தால்தானே அண்ணே என்கிறார். மூன்று பேர் வேட்டியும் வெள்ளையாக இருக்கிறது. தாத்தா காலத்தில் ஒருவர் கையாவது கறுப்பாக இருந்தது.

டிரெய்லர் வைத்திருக்கும் தஞ்சை, நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து விவசாயிகளிடம் ஒரு வேண்டுகோள். ஐயர் வேண்டாம், நானே நாள் குறித்துத் தருகிறேன். சம்பா அறுப்புக்கு இறங்குவதற்கு முன், மார்கழிக்குள், இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பேரிங்கைக் கழுவிக் கிரீஸ் வையுங்கள். அரை நாள் வேலை. பாரத்தோடு ஓடிவந்த வண்டியை உடனே வாய்க்காலில் இறக்காமல் ஹப் ஆறட்டும் என்று விடுங்கள். வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால் வருஷக் கணக்குப் பார்க்க வேண்டாம், உடனே பிரியுங்கள். முதல் நடையில் பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு கூடாது. பட்டறைக்குப் போகும்போது புது ஆயில் சீல் வாங்கிக்கொண்டே போங்கள். பேரிங் விலையில் அது ஒரு சிறு பங்குதான், பழையதையே தட்டி மாட்டச் சொல்லாதீர்கள்.